பேசப்படாத ஏழு வாக்கியங்கள்

மார்ச் மாதம் பதினான்காம் நாள், வியாழக்கிழமை, பிற்பகல் ஒன்று இருபதுக்கும் ஒன்று நாற்பத்தைந்துக்கும் இடையில், வீட்டுக்கல்வி மேற்பார்வை வாரியம் இயங்கும் கட்டடத்தின் மூன்றாம் தளத்தில், மின்தூக்கிக் கதவின் முன் நின்று, ஒன்பது வயதான என் பேத்தி ஏழு வாக்கியங்கள் பேசினாள். அவள் ஒரு சொல்லும் பேசவில்லை என்று அவ்வாரியம் எங்களுக்குக் கடிதம் அனுப்பியிருக்கிறது. என் முறையீடு இதுதான். அக்கடிதத்தில் இருந்த ஆறு ஒற்றுப்பிழைகளை முறையீட்டில் சேர்க்கவில்லை. அவற்றைச் சிவப்பு மையால் திருத்தி, படியெடுத்துக்கொண்டு, பதிவுத் தபாலில் திருப்பி அனுப்பிவிட்டேன்.

நான் முப்பத்து நான்கு ஆண்டுகள் பள்ளியில் இலக்கணம் கற்பித்து ஓய்வு பெற்றவன். எனவே, பிள்ளையை வீட்டிலேயே படிக்க வைக்கப்போகிறோம் என்று என் மகளும் மாப்பிள்ளையும் சென்ற ஆண்டு சொன்னபோது, முதலில் எதிர்த்தவன் நானே. மாப்பிள்ளை மின்தூக்கி பழுதுபார்ப்பவர். மகள் வீட்டில் தையல் இயந்திரம் வைத்துப் பள்ளிச் சீருடை தைப்பவள். ஊரில் பாதிப் பிள்ளைகள் அவள் தைத்த சட்டையோடுதான் பள்ளிக்குப் போகின்றனர்.

“ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சீருடை தைக்கிறாய். உன் பிள்ளைக்கு மட்டும் அது வேண்டாமா?” என்று கேட்டேன்.

“அதை எடுத்து வெளிய வச்சாலே வயித்தப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துர்றாப்பா,” என்றாள் மகள். “சட்டையப் பாத்தே பயப்படுற பிள்ளைய இன்னும் என்ன பண்ணச் சொல்றீங்க?”

வீட்டில் எல்லாரும் பேத்தியைப் பொடிசு என்று அழைப்பார்கள். வீட்டுக்குள் அவள் வாயாடி. வாசற்படியைத் தாண்டிவிட்டால், வெளியார் முன்னிலையில் அவளுக்குக் குரலே எழாது. பள்ளியில் வருகைப்பதிவின்போது “உள்ளேன் ஐயா” என்று சொல்லும்வரை நிற்கவேண்டும் என்பது வகுப்பாசிரியரின் கட்டளை. அவளால் சொல்ல முடியவில்லை. ஆகவே நின்றாள். ஏழு மாதங்கள், நாள் தவறாமல், முதற்பாடவேளை முடியும்வரை நின்றாள். இதை என்னிடம் யாரும் சொல்லவில்லை. என் காலத்தில் நானும் சிலரை அப்படி நிற்க வைத்தவன் என்பதனால் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு வாரியம் ஒரு விதி வைத்திருக்கிறது. முதலாண்டின் முடிவில் வாரியத்தின் முன் வாய்மொழித் தேர்வு. தேறினால் சான்றிதழ். தேறாவிட்டால், விட்ட பள்ளியிலேயே, விட்ட வகுப்பிலேயே, அதே வகுப்பாசிரியரிடம் திரும்பச் சேர்க்கவேண்டும். பொடிசு மறுபடியும் நிற்கவேண்டும் என்பதுதான் அவ்விதியின் பொருள். அந்த ஓராண்டு முழுவதும் எங்கள் வீட்டில் யாரும் இதை வாய்விட்டுச் சொன்னதில்லை. நாட்காட்டியைக் கிழிக்கும்போது மட்டும் மகளின் கை சற்றுத் தயங்கும்.

ஜூன் மாதத்தில் வாரியத்தின் கள மேற்பார்வையாளர் முதன்முறையாக வந்தார். கையில் எஃகு அளவுநாடா ஒன்று. வணக்கம் சொல்லும் முன்பே வாசற்கதவை அளந்தார். அன்றுமுதல் எங்கள் வீட்டில் அவர் பெயர் அளவுநாடா.

“பள்ளி எங்க இருக்கு?” என்று கூடத்தின் நடுவில் நின்று கேட்டார்.

“இதுதான் சார்,” என்றார் மாப்பிள்ளை.

“இது வீடு. பள்ளி எங்க?”

மகள் தையல் மேசையின் ஒரு கோடியைக் காட்டினாள். பொடிசின் புத்தகங்கள் அங்கேதான் இருந்தன. அளவுநாடா மேசையை அளந்து, குறித்துக்கொண்டு, மகளின் சுண்ணக்கட்டியையே வாங்கி மேசையின் குறுக்கே ஒரு கோடு கிழித்தார். கோட்டுக்கு அந்தப் பக்கம் பள்ளி. இந்தப் பக்கம் வீடு. பள்ளி நேரத்தில் பிள்ளை தண்ணீர் குடிக்கக் கோட்டைத் தாண்டினால் விடுப்பு விண்ணப்பம் வேண்டும்.

“யாருக்கு சார் எழுதணும்?” என்று மாப்பிள்ளை கேட்டார்.

“தலைமையாசிரியருக்கு. அதாவது உங்க வீட்டம்மாவுக்கு.”

“யாரு எழுதணும்?”

“பிள்ளையோட தாய்.”

“அதுவும் என் வீட்டம்மாதானே சார்.”

“அது உங்க குடும்ப விவகாரம். அதுல வாரியம் தலையிடாது.”

என் மகள் தனக்குத்தானே விண்ணப்பம் எழுதி, தானே அதைப் பரிசீலித்து, இருமுறை நிராகரித்தும் இருக்கிறாள். பொடிசு அதற்குள் தண்ணீரைக் குடித்துவிட்டு வந்திருப்பாள்.

ஆகஸ்டில் அளவுநாடா தரவரிசை கேட்டார்.

“வகுப்புல எத்தனை பேரு?”

“ஒருத்திதான் சார்.”

“முதல் ரேங்க் யாரு?”

“இவதான்.”

“கடைசி ரேங்க்?”

மாப்பிள்ளைக்குப் பொய் சொல்ல வராது. சற்று யோசித்துவிட்டு, “அதுவும் இவதான் சார்,” என்றார்.

அளவுநாடாவின் முகம் இருண்டது. “வகுப்புல நூத்துக்கு நூறு பேர் கடைசி ரேங்க். நான் இத்தனை வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு வகுப்பப் பாத்ததில்ல. சாயங்காலம் தனிப்பயிற்சி வைங்க.”

“முதல் ரேங்க்கும் நூத்துக்கு நூறுதானே சார்?”

“அதுக்குப் பாராட்டு விழா வைங்க. ரெண்டையும் ஒரே நாள்ல வைக்காதீங்க, பிள்ளை குழம்பிடும்.”

பெற்றோர் ஆசிரியர் கூட்டம் அக்டோபரில் நடந்தது. மேசையின் இருபுறமும் இரண்டு நாற்காலிகள். மகள் ஆசிரியரின் நாற்காலியில் அமர்ந்து பிள்ளையின் முன்னேற்றத்தை எடுத்துரைத்தாள். பிறகு எழுந்து, மேசையைச் சுற்றிவந்து, பெற்றோரின் நாற்காலியில் அமர்ந்து அதைக் கேட்டுக்கொண்டாள். அளவுநாடா இரண்டையும் குறித்தார். ‘பெற்றோர் தாமதமாக வருகை தந்தார். மாணவி மேசைக்கு அடியில் சிரித்த நிலையில் காணப்பட்டார்’ என்பது அன்றைய அறிக்கை.

இவையெல்லாம் சில்லறை. எங்களைக் கவிழ்த்தது ஒரு பதிவேடு.

வாரியம் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பதிவேடு தரும். அதன் கடைசிக் கட்டத்தின் தலைப்பு ‘இவ்வாண்டு கண்ட குறைகளும் செய்த திருத்தங்களும்’. அக்கட்டத்தில் மாதந்தோறும் ‘குறை இல்லை’ என்று எழுதிக் கையொப்பம் இடவேண்டும். இப்படி எங்கும் அச்சிட்டிருக்கவில்லை. ஆனாலும் எல்லாக் குடும்பங்களுக்கும் தெரிந்திருந்தது. மாப்பிள்ளைக்கு மட்டும் தெரியவில்லை. அவருடைய தொழிலிலும் மின்தூக்கிக்கு ஒரு பதிவேடு உண்டு. கண்ட குறையைக் கண்டபடி எழுதுவதுதான் அங்கே வழக்கம். “எழுதின குறை யாரையும் கொல்லாது மாமா. எழுதாத குறைதான் கொல்லும்,” என்பார். இருபது ஆண்டுக் கைப்பழக்கம். வாரியத்தின் பதிவேட்டையும் அவர் அப்படியே நிரப்பிவிட்டார். சிலவற்றைப் படியெடுத்துத் தருகிறேன். எழுத்துப்பிழைகளை மட்டும் நீக்கியிருக்கிறேன்.

‘குறை 1. முதல் ஆறு வாரம் மணி அடித்து, பள்ளியைப் போலவே நடத்தினோம். பிள்ளைக்கு வயிற்றுவலி. திருத்தம்: மணியை எடுத்துவிட்டோம். நான்காம் நாள் வலி நின்றது.’

‘குறை 6. நீள வகுத்தலை நான் தவறாகச் சொல்லிக்கொடுத்தேன். பிள்ளை கண்டுபிடித்தாள். இல்லை என்று இரண்டு நாள் சாதித்தேன். திருத்தம்: ஒத்துக்கொண்டேன்.’

‘குறை 11. தையல் வேலை அதிகமான மாதத்தில் பன்னிரண்டு நாள் பாடமே நடக்கவில்லை. பிள்ளை பொத்தான் தைத்தாள். சட்டைக்கு ஏழு பொத்தான் என்றால் நாற்பத்தெட்டுச் சட்டைக்கு எத்தனை என்று தானாகவே கணக்குப் போட்டாள். இது குறையா என்று தெரியவில்லை. எதற்கும் எழுதி வைக்கிறேன்.’

‘குறை 17. மாமனார் தினமும் வந்து பிள்ளை எழுதியதைச் சிவப்பு மையால் திருத்துகிறார். பிள்ளை எழுதுவதையே நிறுத்திவிட்டாள். திருத்தம்: மாமனார் இனி ஞாயிற்றுக்கிழமை மட்டும். பென்சில் மட்டும்.’

பதினேழாம் குறை நான். அவ்வரியில் பிழை ஏதும் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். இல்லை.

‘குறை 29. கதைப்புத்தகம் கொடுத்தால் வைத்துவிடுகிறாள். என் வேலைக் கையேட்டைத்தான் வாசிக்கிறாள். சிக்கியவர்களை மீட்பது பற்றிய பக்கம் முழுவதும் மனப்பாடம். திருத்தம்: கையேட்டை ஒளித்து வைத்தோம். எடுத்துவிட்டாள்.’

‘குறை 41. பிள்ளை வெளியாரிடம் இன்னும் பேசவில்லை. திருத்தம்:’

நாற்பத்தோராம் குறைக்கு எதிரே வேறொன்றும் எழுதியிருக்கவில்லை. பேனா ஊன்றிய புள்ளி ஒன்று மட்டும் இருந்தது.

தேர்வு நாள் வந்தது. வாரியம் ஐந்தாம் தளத்தில். பன்னிரண்டரைக்கு நாங்கள் உள்ளே இருக்கவேண்டும். பன்னிரண்டு இருபத்தெட்டுக்குக் கீழ்த்தளத்தில் மின்தூக்கியின் முன் நின்றோம். கதவு மூடியது, திறந்தது, பின்னர் ஓர் உதறலோடு மீண்டும் மூடியது. மாப்பிள்ளை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்துச் சுவரில் மின்தூக்கியின் பதிவேடு நூலில் கட்டித் தொங்கியது. அதை எடுத்துப் புரட்டினார். மாதத்துக்கு ஒரு வரி. பன்னிரண்டு மாதங்களுக்கும் ‘குறை இல்லை’. பன்னிரண்டும் ஒரே மையில், ஒரே கையெழுத்தில்.

“வாங்க, படியில போவோம்,” என்றார்.

“ரெண்டு நிமிஷந்தான் இருக்குங்க,” என்றாள் மகள். “இன்னிக்குப் போய் உங்க வேலையக் காட்டாதீங்க.”

“ஒரு குறைகூட எழுதாத லிஃப்டுல என் பிள்ளைய ஏத்தமாட்டேன்.”

படியேறினோம். நான் இளைத்தேன். மூன்று நிமிடத் தாமதம் எழுத்தில் பதிவாயிற்று. அதற்காக எங்களை அரை மணி நேரம் வெளியே காக்க வைத்தனர்.

நீண்ட மேசைக்குப் பின்னால் மூவர் இருந்தனர். நடுவில் வாரியத் தலைவர். அவருக்கு வலப்புறம் நம் அளவுநாடா. இடப்புறம் பேச்சு மதிப்பீட்டாளரான ஓர் அம்மையார். அவர் கையில் நிறுத்தக் கடிகாரம் இருந்தது. தலைவர் எங்கள் பதிவேட்டை இரண்டு விரல்களால் தூக்கிக் காட்டினார்.

“நம்ம வாரியத்துக்குக் கீழ இருநூத்திப் பன்னிரண்டு குடும்பம் இருக்கு. இருநூத்திப் பதினோரு குடும்பத்துல ஒரு குறையும் இல்ல. மொத்தக் குறையும், நாப்பத்தி ஒண்ணும், உங்க ஒரே வீட்லதான் இருக்கு.”

“நாங்க எழுதினோம் சார். அவ்வளவுதான் வித்தியாசம்,” என்றார் மாப்பிள்ளை.

“அதைத்தான் நானும் சொல்றேன். எழுதாம இருந்திருந்தா குறை இருந்திருக்காதே. நல்லா இருந்த குடும்பத்த நீங்களே எழுதிக் கெடுத்துட்டீங்க.”

அம்மையார் பொடிசை மேசைக்கு எதிரே தனியாக நிற்கச் சொன்னார். தரையில் அதற்கென்று ஒரு வட்டம் வரைந்திருந்தது. மகள் தன் விரல்களைப் பேத்தியின் பிடியிலிருந்து ஒவ்வொன்றாக விடுவிக்கவேண்டியிருந்தது.

“மூணு கேள்வி. ஒவ்வொண்ணுக்கும் முப்பது செகண்ட். உன் பேர் என்ன?”

பொடிசு வட்டத்துக்குள் நின்றாள். வலத் தோள் சற்றே உயர்ந்து காதை மறைத்தது. கடிகாரம் ஓடும் ஓசை கேட்டது. 

“விடை இல்லை. உங்க அப்பாவோட தொழில் என்ன?”

மகளின் உதடுகள் அசைந்தன. “தாய் உதடு அசைக்கக் கூடாது,” என்றார் அளவுநாடா.

“விடை இல்லை. பேச்சின் பயன் யாது?”

மூன்றாம் முப்பது நொடிகளும் தீர்ந்தன. “விடை இல்லை,” என்று அம்மையார் எழுதிக் கோடிட்டார். தலைவர் மணி பார்த்தார். ஒன்றே காலுக்கு மேல் ஆகியிருந்தது.

“சாப்பிட்டு வந்து தீர்ப்பு எழுதிடலாம். அதுல பெருசா ஒண்ணும் இல்ல. பழைய பள்ளிக்கே ஒரு கடிதம், அவ்வளவுதான்.”

மூவரும் எழுந்தனர். மாப்பிள்ளை அவர்கள் பின்னாலேயே போனார். “சார், அந்த லிஃப்டுல போகாதீங்க. கதவு சரியாப் பூட்டல.”

“நாங்க தினமும் போறோம்பா.”

“தினமும் போறீங்கன்னுதான் சார் சொல்றேன்.”

“இது நாப்பத்தி ரெண்டாவது குறையா?” என்றார் தலைவர். அம்மையாரும் அளவுநாடாவும் சிரித்தனர். கதவு ஓர் உதறலோடு மூடியது.

நாங்கள் முதற்படியில் கால்கூட வைத்திருக்கவில்லை, கட்டடமே அதிரும்படி ஓர் ஓசை. தொடர்ந்து அபாய மணி. அதன்பின் கதவைக் குத்தும் சத்தம். நான்காம் தளத்துக்கும் மூன்றாம் தளத்துக்கும் இடையில் மின்தூக்கி நின்றுவிட்டது.

கட்டடப் பொறுப்பாளர் கீழிருந்து மூச்சிரைக்க ஓடிவந்தார். பன்னிரண்டு ‘குறை இல்லை’யும் அவர் எழுதியவைதாம். “கம்பெனிக்குப் போன் போட்டேன். ஆள் வர ரெண்டு மணி நேரம் ஆகுமாம்,” என்றார்.

“மேல மிஷின் ரூம் சாவியக் குடுங்க. நான் இறக்குறேன்,” என்றார் மாப்பிள்ளை.

“நீங்க வெளி ஆள். குடுக்கக் கூடாது.”

“உள்ள இருக்குறது உங்க ஆளுங்கதானே? கேட்டுப் பாருங்க.”

உள்ளிருந்து தலைவரின் குரல் அதற்கு விடையளித்தது. அதை நான் எழுதுவதற்கில்லை. சாவி உடனே கைமாறியது.

மாப்பிள்ளை வேலையைப் பிரித்தார். அவரும் பொறுப்பாளரும் மொட்டைமாடியில். மகள் ஒவ்வொரு தளமாகப் போய், கதவுப் பக்கம் யாரும் வராதபடி தடுக்கவேண்டும். “மாமா, நீங்க பொடிசக் கூட்டிக்கிட்டு மூணாவது மாடிக் கதவுகிட்ட நில்லுங்க. மெயின் சுவிட்ச ஆஃப் பண்ணிட்டு, கையால சக்கரத்தச் சுத்தி மெதுவா இறக்கப்போறேன். இறங்கும்போது உள்ள இருக்குறவங்க கதவு இடுக்குல கைய வச்சா விரல் போயிடும். வைக்காதீங்கன்னு மட்டும் சொல்லிக்கிட்டே இருங்க.”

மூன்றாம் தளத்தில் வேறோர் அலுவலகம். கையில் எண்சீட்டோடு நாற்பது பேர் வரிசையில் நின்றிருந்தனர். எல்லார் பார்வையும் அந்த மூடிய கதவின் மேல். அதற்குப் பின்னால், சற்று மேலேயிருந்து, உலோகத்தை உலோகம் சுரண்டும் ஓசை வந்தது. அளவுநாடா தம் எஃகு நாடாவை இடுக்கில் செருகிக் கதவை நெம்பிக்கொண்டிருந்தார்.

“கொஞ்சம் தொறக்குது சார். நீங்களும் விரல விட்டு இழுங்க,” என்பது தெளிவாகக் கேட்டது.

நான் கதவருகே சென்று உரத்த குரலில் சொன்னேன்: “அன்புடையீர், பதற்றம் தவிர்மின். கதவினைத் தீண்டுதல் ஊறு விளைவிக்கும்.”

சுரண்டல் நின்றது. “யாரோ என்னமோ சொல்றாங்க,” என்றார் அம்மையார். பிறகு தலைவரின் குரல்: “பெரியவரே, ஒண்ணும் புரியல. தமிழ்ல சொல்லுங்க.”

முப்பத்து நான்கு ஆண்டுகள் கற்பித்த என் நா அத்துடன் ஒட்டிக்கொண்டது. எளிதாகச் சொல்லத் தேடினேன். அவசரத்துக்கு ஒரு சொல்லும் அகப்படவில்லை. மேலே சக்கரம் கிறீச்சிட்டது. மின்தூக்கிக் கூண்டு ஒரு சாண் இறங்கி நின்றது. உள்ளே அலறல். நாடா மீண்டும் சுரண்டத் தொடங்கியது.

“அய்யோ, வெளிய யாராவது இருக்கீங்களா?” என்றார் தலைவர்.

என் முழங்கையை யாரோ விலக்கினார்கள். பொடிசு கதவின் முன் வந்து நின்றாள். அவள் தோள் அப்போதும் காதருகேதான் இருந்தது.

“நான் இருக்கேன்.”

முதலாம் வாக்கியம். ஏழு மாதங்கள் நிற்க வைத்தும் பெறமுடியாத விடை இதுவே. ‘உள்ளேன் ஐயா’ என்பதற்கும் இதற்கும் பொருளில் வேறுபாடு இல்லை என்று இலக்கணம் கற்பித்தவன் என்ற முறையில் உறுதியளிக்கிறேன்.

“கதவத் தொடாதீங்க, கை நசுங்கிடும்.”

சுரண்டல் சட்டென்று நின்றது.

“பின்னாடி தள்ளி, சுவத்துல சாஞ்சு நில்லுங்க.”

“மூச்சு முட்டுதே,” என்றார் அம்மையார்.

“மேல ஓட்டை இருக்கு, காத்து வரும்.”

“விழுந்துடுமா?” இது அளவுநாடா. குரல் அடையாளம் தெரியவில்லை; அவ்வளவு மெலிந்திருந்தது.

“கயிறு பல இருக்கு, விழாது.”

“மேல யாரு சுத்துறது? வேல தெரிஞ்ச ஆளா?” என்று கேட்டார் தலைவர்.

“எங்க அப்பா, லிஃப்ட் ரிப்பேர்தான் அவரு வேல.”

ஆறாம் வாக்கியம் இது. தேர்வின் இரண்டாம் வினாவுக்குரிய விடையும் இதுவே. முப்பது நொடிக்கு மேல் ஆனதை ஒத்துக்கொள்கிறேன்.

மேலே சக்கரம் மீண்டும் சுழன்றது. கூண்டு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும் அரவம் கேட்டது.  உள்ளே யாரோ விசும்பினார். அப்போது அவள் ஏழாம் வாக்கியத்தைச் சொன்னாள். அது கையேட்டில் இல்லை.

“பேச வரலன்னா பரவால்ல, சும்மா நில்லுங்க.”

கூண்டு தளத்துக்கு நேராக நின்றது. மாப்பிள்ளை இறங்கி வந்து சாவியால் கதவைத் திறந்தார். மூவரும் பின்சுவரில் ஒட்டி, சொன்னது சொன்னபடி நின்றுகொண்டிருந்தனர். ஆளுக்குப் பத்து விரல்கள் வீதம், ஒன்றும் குறையவில்லை. அம்மையாரின் கையில் நிறுத்தக் கடிகாரம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. வரிசையில் நின்ற ஒரு தச்சர், காதில் பென்சில் செருகியவர், “கெட்டிக்காரப் பொண்ணு,” என்றார். பொடிசு என் முதுகுக்குப் பின்னால் போய்விட்டாள். நான் கண்ணாடியைத் துடைக்க நேர்ந்தது.

மாப்பிள்ளை நேரே கீழே போய் மின்தூக்கிப் பதிவேட்டைக் கையில் எடுத்தார். பொறுப்பாளர் அதைப் பிடுங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். “வெளி ஆள் எழுதக் கூடாது சார். நானே எழுதிக்கிறேன்.” அவரே எழுதினார்.

இரண்டு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. ‘மாணவி ஒரு சொல்லும் பேசவில்லை. குடும்பம் நாற்பத்தொரு குறைகளை ஒப்புக்கொண்டுள்ளது. ஏப்ரல் முப்பதுக்குள் முந்தைய பள்ளியில் சேர்க்கவும்.’ அன்று மாலை பொடிசு சட்டை அலமாரியைத் திறந்து, தன் பழைய சீருடை இன்னும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடினாள். ஒன்றும் கேட்கவில்லை. வீட்டுக்குள்ளும் பேச்சைக் குறைத்துக்கொண்டாள்.

நானும் மாப்பிள்ளையும் தலைவரைக் காணச் சென்றோம். மற்ற இருவரும் உடனிருந்தனர்.

“சார், அவ பேசினத நீங்களே கேட்டீங்களே,” என்றார் மாப்பிள்ளை.

“எங்க வச்சு?”

“லிஃப்ட் நின்னப்போ.”

“லிஃப்ட் நின்னுச்சா?” தலைவர் மின்தூக்கிப் பதிவேட்டைக் கொண்டுவரச் சொல்லி எங்கள் முன் விரித்தார். ‘மார்ச் 14. குறை இல்லை.’ “பாருங்க. நின்னிருந்தா எழுதியிருப்பாங்க. நிக்காத லிஃப்டுல நாங்க எப்படி மாட்டியிருப்போம்? மாட்டாதவங்ககிட்ட உங்க பொண்ணு எப்படிப் பேசியிருக்கும்?”

“உங்க மனசாட்சிக்குத் தெரியும் சார்.”

“தம்பி, அந்த லிஃப்ட் நல்லா இருக்குன்னு வருஷா வருஷம் சான்றிதழ்ல கையெழுத்துப் போடுறது நான். நின்னுச்சுன்னும் நானே சொன்னா, ஒரே ஆளு ரெண்டு விதமாப் பேசின மாதிரி ஆகாதா? கல்வித் துறையில இருக்கோம். பிள்ளைங்களுக்கு முன்மாதிரி வேணாமா?”

“அப்படியே பேசியிருந்தாலும்,” என்றார் அம்மையார், “வட்டத்துக்குள்ள நின்னு பேசினாத்தான் அது பேச்சு. வெளிய பேசுறதெல்லாம் சத்தம்.”

அளவுநாடா மட்டும் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. வெளியே வந்தபோது பின்தொடர்ந்து வந்து, ஒரு புதிய வெற்றுப் பதிவேட்டை மாப்பிள்ளையின் கையில் திணித்தார். “பழசு தொலைஞ்சுபோச்சுன்னு நான் சொல்லிக்கிறேன். இதுல பன்னிரண்டு தடவ ‘குறை இல்லை’ன்னு எழுதிக் குடுங்க. சான்றிதழ் அன்னிக்கே வந்துடும். பிள்ளைக்காகச் சொல்றேன்,” என்றார். அவர் மெய்யாகவே பிள்ளைக்காகத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். எனக்கு அச்சமூட்டியதும் அதுவே.

அன்று தையல் மேசையில், அழியாமல் இருந்த சுண்ணக்கோட்டின் மேல், வெற்றுப் பதிவேடு கிடந்தது. “எழுதிடுங்க,” என்றாள் மகள். “பன்னிரண்டு வரி. அவ திரும்ப அங்க போய் நிக்கிறதுக்குப் பதிலா, எழுதிடுங்க.” மாப்பிள்ளை பேனாவைத் திறந்தார். பொடிசு எதிரே அமர்ந்து அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுதுங்கள் என்று நானும் சொல்ல வாயெடுத்தேன். அவர் வெற்றுப் பதிவேட்டைத் தள்ளி வைத்தார். பிறகு பழைய பதிவேட்டின் படியை எடுத்து, கடைசிப் பக்கத்தைப் புரட்டி எழுதினார்.

‘குறை 42. பொய் எழுதலாம் என்று பத்து நிமிடம் நினைத்தேன். திருத்தம்: எழுதவில்லை.’

பொடிசு அதை வாசித்தாள். பேனாவை வாங்கி, நாற்பத்தோராம் குறைக்கு எதிரே, அந்தப் புள்ளி இருந்த இடத்தில், தானே ஒன்று எழுதினாள்: ‘திருத்தம்: பேசினேன்.’ மகள் எழுந்து, தையல் இயந்திரத்தின் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

மேல்முறையீடு உண்டு. இரத்த உறவில்லாத இரண்டு சாட்சிகள் வேண்டும். மின்தூக்கி நின்றதற்கு அதன் பதிவேட்டிலேயே ஆதாரம் வேண்டும். அந்தப் பதிவேட்டின் முதற்பக்கத்தை நான் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். ‘இதில் பயணித்தவரும் இதன் வாயிலருகே காத்திருந்தவரும் தாம் கண்ட குறையை எழுதலாம்’ என்று பொடியெழுத்தில் அச்சிட்டிருக்கிறது. மாப்பிள்ளை பயணிக்கவில்லை, காத்திருக்கவும் இல்லை. அவர் மீட்டார். மீட்டவர் எழுதலாம் என்று விதியில்லை. நானோ தாத்தா.

ஆகவே இதைப் படிக்கும் உங்களிடம் கேட்கிறேன். மார்ச் பதினான்காம் நாள், பிற்பகல் ஒன்றரை மணியளவில், மூன்றாம் தளத்தில் எண்சீட்டோடு காத்திருந்த நாற்பது பேரில் நீங்களும் ஒருவரா? காதில் பென்சில் செருகிய அந்தத் தச்சர் நீங்களா? உங்கள் அண்டை வீட்டார் அன்று அங்கே இருந்தாரா? ஏப்ரல் முப்பதுக்கு முன் அக்கட்டடத்தின் கீழ்த்தளத்துக்குப் போங்கள். சுவரில் பதிவேடு தொங்குகிறது. மார்ச் 14 என்ற வரிக்குக் கீழே இடம் இருக்கிறது. நீங்கள் கேட்ட ஏழில் ஏதேனும் ஒரு வாக்கியத்தை, கேட்டபடியே, கொச்சையாக இருந்தாலும் திருத்தாமல் எழுதி, கையொப்பமிட்டு, முகவரியும் தாருங்கள். பேனா இல்லை என்று திரும்பிவிடாதீர்கள். அது தொங்கும் நூலிலேயே என் சிவப்புப் பேனாவைக் கட்டிவிட்டு வந்திருக்கிறேன். எனக்கு இனி அது தேவைப்படாது. எழுதுங்கள்.